அடுப்புக்குக் கேதம் கேட்டவர்

திண்டுக்கல் வட்டாரத்தில் செத்துப்போன ஓட்டல்கள் அத்தனைக்கும் முறைப்படி துக்கம் விசாரித்த ஒரே மனிதர் கேதம் அண்ணன்தான். மனிதர்கள் செத்தால் போவதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. ஓட்டல் செத்தால் யார் வருகிறார்கள்? இடத்துக்காரர் வருவார், சிலிண்டர்காரர் வருவார், கடைசியில் நான் வருவேன். மூன்று பேருமே எதையாவது தூக்கிக்கொண்டு போகத்தான் வருவோம். சும்மா வந்து நிற்பதற்கென்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு வடமதுரை ரோட்டில் ஒரு குடோன் இருக்கிறது. மூடிப்போன ஓட்டல்களின் சாமான்களை வாங்கி, கழுவித் தேய்த்து, அடுத்துக் கடை போடத் துணிந்து வருகிற அப்பாவிகளுக்கு விற்பது என் பிழைப்பு. "பொம்பளைக்கு எதுக்குடி இந்த இழவு யாவாரம்?" என்று என் சித்தப்பா கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் மனிதர் சரியாகத்தான் சொன்னார்.

அதிகம் விலைபோவது கேஸில் எரிகிற கிரில் மெஷின்தான். கண்ணாடிக்குப் பின்னால் கோழிகள் கம்பியில் கோத்துக்கொண்டு சுற்றுமே, அது. அதன் நெற்றியில் ஒரு பேட்ஜ் இருக்கும். கிரீடம், தீச்சுவாலை, சேவல் என்று கம்பெனிக்கு ஒரு படம், அதன் கீழே பேர். எண்ணெய்ப் புகையும் சூடும் பட்டுப் பட்டு ரெண்டு வருஷத்தில் சேவல் காக்காயாகிவிடும். வாங்க வருகிறவர்கள் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க மாட்டார்கள். முதலில் பேட்ஜைத்தான் பார்ப்பார்கள். அது மங்கியிருந்தால் முகம் சுளிப்பார்கள்.

அந்த பேட்ஜுக்கு உயிர் கொடுப்பதுதான் கேதம் அண்ணனின் தொழில். ஆளைப் பார்த்தால் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருப்பார். அல்சர் வயிறு. ஒரு பழைய மொபெட், அதில் ஒரு டிபன் பாக்ஸ், அதற்குள் பிரஷ்கள். பேட்ஜைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து, பைக் சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்கும் பெயின்ட்டை மேலெல்லாம் பூசி, மேடான எழுத்துகளில் இருக்கிறதை மட்டும் துணி சுற்றிய குச்சியால் துடைத்தெடுப்பார். பள்ளத்தில் நிறம் நிற்கும், மேட்டில் எழுத்து பளபளக்கும். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆளில்தான் கோளாறு.

முதன்முதலில் ஒரு மெஷினைக் காட்டி, "அண்ணே, இந்த பேட்ஜைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். அவர் பேட்ஜைப் பார்க்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எப்ப ஆச்சு தாயி?"

"என்னது எப்ப ஆச்சு?"

"கடை."

"கடையா? மூடி ஒரு வாரம் இருக்கும். ஏன்?"

"படுத்த படுக்கையா இருந்து போச்சா, பொசுக்குன்னு போச்சா?"

பைத்தியத்தை உள்ளே விட்டுவிட்டேனோ என்று வாசலைப் பார்த்தேன். அவரோ நிதானமாக, "கேதம் கேக்காம செத்த வீட்டுப் பொருள்ல கை வைக்கக் கூடாது தாயி. விலாசம் குடுங்க, போய்ட்டு வந்து வேலையப் பாக்குறேன்" என்றார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத்தான் கேதம் கேட்பது என்போம். ஆண்கள் போனால் வாய்திறந்து பேசுவதில்லை. இரண்டு கையையும் நீட்ட வேண்டும், துக்க வீட்டுக்காரர் தொட்டுவிடுவார், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லவே கூடாது. இந்த மனிதர் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தாடிக்கொம்பு வரை போய், பரோட்டாக் கடையை மூடிவிட்டு வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்த ஒருவரை எழுப்பி, முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கடைக்காரரின் பெண்டாட்டி எனக்குப் போன் போட்டார்.

"யாரு மதனி அந்த ஆளு? கைய நீட்டுனாரு, பிச்சைக்காரரோன்னு அரிசி அள்ளிட்டு வந்தேன். வேண்டாங்குறாரு. செத்த நேரம் உக்காந்துருந்தாரு. ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாரு. இந்த மனுசன் அப்பருந்து ஓன்னு அழுகுறாரு. கடை மூடுன நாள்ளருந்து ஒரு பொட்டுத் தண்ணி கண்ணுல வரல. இப்பத்தான் மொகம் கழுவிட்டுச் சோறு கேட்டாரு."

திட்டுவதற்குத்தான் போன் போட்டாரா, நன்றி சொல்லவா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திரும்பி வந்தவர் நேராகக் குடோன் குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். கேதத்துக்குப் போனால் குளித்துவிட்டுத்தானே எதையும் தொட வேண்டும்! திண்டுக்கல்லில் தண்ணீருக்கு நாங்கள் படுகிற பாடு ஊருக்கே தெரியும். குடம் குடமாகப் பார்த்துச் செலவழிக்கிற ஊரில், ஒரு பேட்ஜுக்கு ஒரு முழுக்கு. "அண்ணே, நீங்க பெயின்ட் அடிக்கிறீங்களா, தீர்த்தமாட வந்தீங்களா?" என்று கத்துவேன். கத்தி என்ன பயன்? ஈரத்தலையோடு உட்கார்ந்து அவர் எழுதும் எழுத்து அவ்வளவு அழகாக இருக்கும்.

ஏன் இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேன். "நான் ஒரு டீக்கடை வச்சிருந்தேன் தாயி. மூடுனப்ப ஒரு பய என்ன ஏதுன்னு கேக்கல" என்றார். சொல்லிவிட்டு மறுபடி பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

வேடசந்தூர் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். அங்கே ஒரு மெஸ்காரர் புது அடுப்பு வாங்கிவிட்டுப் பழையதை எனக்குத் தள்ளிவிட்டார். கடை ஜாம்ஜாமென்று நடக்கிறது. இது தெரியாமல் கேதம் அண்ணன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மில் ஆட்கள் நிறைந்திருக்கிற இடத்தில், கல்லாவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் கடை மூடப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மறுநாள் மெஸ்காரர் கையில் சாதக் கரண்டியோடு என் குடோனுக்கு வந்து நின்றார்.

"எங்க அந்த ஆளு? இன்னைக்கு அவனுக்குக் கேதம் நான் கேக்குறேன்!"

கேதம் அண்ணன் பதறவில்லை. "கோவிக்காதீங்க அப்பு. செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு பெரியவுக சொல்லிருக்காக."

"ஆயுசு கெட்டியா? காலைலருந்து பால்காரன் வரலய்யா! எங் கடைய உசுரோட பொதைச்சுட்டியே!"

கரண்டியைப் பிடுங்கி வைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்த மெஸ் இன்றைக்கும் நடக்கிறது, அது வேறு விஷயம்.

இனி ஸ்டெல்லாவின் மெஷின். சிரித்தது போதும்.

வடமதுரையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கிரில் சிக்கன் கடை. முதலாளி நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் தம்பி வந்து மெஷினை என்னிடம் விற்றார். கிரீடம் வைத்த சேவல் பேட்ஜ். சூட்டில் தலை தேய்ந்துபோய் முண்டமாக இருந்தது. நல்ல மெஷின். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் புதிதாகக் கடை போட அதை விலை பேசிவிட்டார். "பேட்ஜு மட்டும் பளிச்சுனு இருக்கோணுமுங்க. வெள்ளிக்கிழமை வண்டியோட வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேதம் அண்ணன் பேட்ஜைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வடமதுரைக்குப் போனார். திரும்பி வந்தார். குழாயடிக்குப் போகவில்லை. மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, குளிக்கலையா? தண்ணி இருக்கே."

"செத்தாத்தான தாயி குளிக்கணும்."

அங்கே நடந்ததைப் பிறகுதான் சொன்னார். வீட்டில் செத்தவரின் படத்துக்கு முன்னால் இவரை உட்காரவைத்திருக்கிறார்கள். இவர், "நான் அவருக்கு வரலங்க, கடைக்கு வந்தேன்" என்றிருக்கிறார். தம்பிக்காரன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டான். மொபெட் நிறுத்தியிருந்த தெருமுனைவரை யாருக்கும் தெரியாமல் பின்னாலேயே வந்தது செத்தவரின் மனைவி ஸ்டெல்லா.

"எங்க வீட்டுக்காரரு போனதுக்கு ஊரே வந்துச்சு. எங் கடை போனதுக்கு நீங்க ஒருத்தருதான்ணே வந்துருக்கீங்க" என்றதாம். கோழிக்கு மசாலா அரைத்து, ஊறவைத்து, கம்பியில் கோத்து, சூட்டில் நின்று திருப்பியது எல்லாம் அந்தப் பெண். புருஷன் கல்லாவில் உட்கார்ந்ததோடு சரி. மெஷின் வாங்கியதும் ஸ்டெல்லாவின் காதுத்தோட்டை விற்றுத்தான். முப்பதாம் நாள் பூசைவரை வெளியே வரக்கூடாது என்று வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு, கொழுந்தன்காரன் மெஷினைத் தூக்கிக்கொண்டுவந்து என்னிடம் விற்றிருக்கிறான்.

"அது சாகல தாயி. உசுரோட இருக்கு. அந்தப் புள்ளைக்கு மெசினு கெடச்சா நாளைக்கே நடத்தும். அவுக அப்பன் வீட்டு வாசல்ல எடம் இருக்காம். திருப்பிக் குடுத்துருங்க."

எனக்கு வந்ததே கோபம்! நான் என்ன திருட்டுப் பொருளா வாங்கினேன்? கையில் காசு கொடுத்து வாங்கினேன், அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். "அண்ணே, இது தர்ம சத்திரம் இல்ல. வெள்ளிக்கிழமை அந்தாளு வருவாரு. பேட்ஜை அடிச்சு மாட்டுங்க, அம்புட்டுத்தான்" என்றேன்.

அவர் பேட்ஜைச் செய்தார். உலகத்தில் எந்த பேட்ஜுக்கும் அப்படி ஒரு வேலை நடந்திருக்காது. பழைய அலுமினியச் சட்டியில் துண்டு வெட்டி, சேவலுக்குப் புதுத் தலை செய்து ஒட்டினார். கொண்டைக்குச் சிவப்பு, கிரீடத்துக்கு மஞ்சள். கேட்டால், "இன்னும் காயல தாயி" என்பார். திண்டுக்கல் வெயிலில் காயாத பெயின்ட்டை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒட்டன்சத்திரத்துக்காரர் வண்டியோடு வந்தார். சந்தனப் பொட்டு, கையில் மஞ்சள் குங்குமம், மெஷினுக்குப் போட மாலை. மெஷினைச் சுற்றி வந்தார்.

"ஏனுங்கக்கா, பேட்ஜைக் காணமுங்க?"

அப்போதுதான் பின்னாலிருந்து கேதம் அண்ணன் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. துண்டு கையில். நேராக அவருக்கு முன்னால் போய், தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் நீட்டிய கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கேதம் அண்ணன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தாள் கையிலிருந்த மாலை நழுவிவிட்டது.

"ஏனுங்க... நான் இன்னும் கடையே தொறக்கலீங்களே!"

கை நீட்டியபடியே இருக்கிறது. அவ்வளவுதான், மனிதர் வண்டியில் தொற்றி ஏறிவிட்டார். "அட்வான்ச அப்பறம் வாங்கிக்கறனுங்க" என்று ஓடுகிற வண்டியிலிருந்து கத்தினார். நான் கேதம் அண்ணனைத் திட்டின திட்டு இங்கே அச்சில் வராது.

சேதி பரவிவிட்டது. அந்த மெஷினை ஓசியில் கொடுத்தால்கூட வாங்க ஆள் இல்லை. வேறு வழி? ஸ்டெல்லாவுக்கே கொடுத்தேன், பணத்தை முடிந்தபோது கொடு என்று. ஏற்றி அனுப்பும்போது கேதம் அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து பேட்ஜை எடுத்து மாட்டினார். பெயின்ட் என்றைக்கோ காய்ந்திருந்தது. ஸ்டெல்லா அந்தச் சேவலைத் தடவித் தடவிப் பார்த்தது. இன்றைக்கு அது அப்பா வீட்டு வாசலில் கடை நடத்துகிறது. பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுகிறது.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். மறுநாள் வேறொரு மெஷினின் பேட்ஜைக் காட்டி, "விலாசம் வேணுமாண்ணே?" என்று கிண்டலாகக் கேட்டேன். "வேண்டாம் தாயி" என்றார்.

"ஏன்?"

"நான் பொய்க் கேதம் கேட்டுட்டேன். பொறக்கவே பொறக்காத கடையச் சாக்குடுத்துட்டேன். இனி எந்த வாசல்ல போய்க் கை நீட்ட?"

வேடசந்தூரில் தெரியாமல் செய்தது வேறு, இங்கே தெரிந்தே செய்தது வேறு என்று அவருக்கு ஒரு கணக்கு. அந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் வேறு எங்கோ மெஷின் வாங்கிக் கடை திறந்துவிட்டார் என்று சேதி வந்ததும் மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. அந்தக் கடைக்கு ஏதாவது ஆனால் அது தன் கையால்தான் என்று அரற்ற ஆரம்பித்தார். வேதக்காரர் ஆயிற்றே, மாதா கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனார். "கடைக்குக் கேதமா? இத எந்தப் பாவத்துலப்பா சேக்குறது?" என்று சாமியாரே திணறிவிட்டாராம். ஏதோ ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவருக்கு அது பற்றவில்லை. தண்டனையைத் தானே போட்டுக்கொண்டார். மாதம் தவறாமல் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போய், அந்தக் கடையில் உட்கார்ந்து ஒரு கிரில் சிக்கன் வாங்கித் தின்றுவிட்டு வருவார். அல்சர்காரர்! கூடத் தருகிற மயோனைஸைத் தேங்காய்ச் சட்னி என்று நினைத்து வழித்து நக்கிவிட்டு, ரெண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடோன் மூலையில் சுருண்டு கிடப்பார்.

"ஏண்ணே இப்பிடிச் சாகுறீங்க?"

"யாவாரம் நடக்கணும்ல தாயி."

இப்படியே காலம் போனது. சாமான்கள் வந்தன, பேட்ஜ்கள் பளபளத்தன. எந்தக் கடை எப்படிப் போனது என்று கேட்க ஆள் இல்லை. குழாயடி காய்ந்து கிடந்தது. தண்ணீர் மிச்சம்தான், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. மூடிய கடைக்காரர்கள் சாமானை இறக்கிவிட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றதும் போய்விடுவார்கள். முன்பு இதையெல்லாம் நான் கவனித்ததே இல்லை.

போன மாதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து போன்.

"அக்கா, கடைய எடுத்துப்போட்டனுங்க. எங்கப்பாருக்கு முடியலீங்க, தோட்டத்தப் பாக்கோணும். மெசின எடுத்துக்கறீங்களா?"

கேதம் அண்ணன் காதில் விழுந்தால் அவ்வளவுதான். மெஷின் வந்து இறங்கிய அன்று நல்லவேளை கேதம் அண்ணன் வயிற்றுவலியில் வரவில்லை. மாதாமாதம் எதிரே உட்கார்ந்து பார்த்த மெஷின், ஒரு பார்வை பட்டால் போதும், கண்டுபிடித்துவிடுவார். தார்ப்பாயைப் போட்டு மூடி, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு, கிடைத்ததற்குத் தள்ளிவிட்டேன். நல்ல மெஷின். வயிறு எரிந்தது. பிறகு ஒட்டன்சத்திரத்துக்காரருக்குப் போன் போட்டு, மெதுவாக விஷயத்தை ஆரம்பித்தேன்.

"தம்பி, ஒங்க கடைக்கு மாசாமாசம் ஒல்லியா ஒருத்தரு..."

"அந்தச் சாவுக்கை நீட்டுன அண்ணாங்களா? மொத மாசமே தெரிஞ்சுபோச்சுங்க. அழுதுட்டே திங்கறாருங்க, தொரத்தவா முடியும்? எங்கூட்ல அவருக்குன்னு காரமில்லாம ஒண்ணு தனியா எடுத்து வெப்பாங்க."

கடை மூடினது தெரிந்தால் கேதம் அண்ணன் தன்னால்தான் என்று உயிரை விட்டுவிடுவார் என்றேன், அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி புரிந்துகொண்டார். மறுநாள் அவரே கேதம் அண்ணனைப் போனில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, கோயமுத்தூர்ல பெரிய கடையாப் போட்டாச்சுங்க. கூட்டம் தாங்கலீங்க. ஒங்க கைராசிங்க! அவ்வளவு தூரம் நீங்க வர வேண்டாமுங்கண்ணா, வயித்தப் பாத்துக்கோங்க."

கேதம் அண்ணன், "நல்லாருங்க அப்பு, நல்லாருங்க" என்றார், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போனை வைத்தார். துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கோயமுத்தூருக்குப் பஸ்ஸு எத்தன மணிக்குத் தாயி?"

"போனீங்கன்னா காலை ஒடிச்சுப்புடுவேன்! இங்க வேலை மலையாக் கெடக்கு" என்று கத்தினேன். அவர் சிரித்தார். பிறகு மூலையில் கிடந்த ஒரு மெஷினைப் பார்த்தார், கிட்டே போனார், துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"இது எப்ப ஆச்சு தாயி?"

அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர் இல்லை. படிக்கிற உங்களில் யாராவது திண்டுக்கல் பக்கம் வந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஒரு மனிதர் பழைய மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், நீங்கள் கோயமுத்தூர் பக்கமா என்று நிச்சயம் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள், அந்தக் கடையில் உட்கார இடமே கிடைக்கவில்லை என்றும் சொல்லுங்கள்.